பன்றியின் உடம்புக்குள் ஒரு வைரஸின் புரதங்கள் என்ன செய்கின்றன?

2018 ஆகஸ்டில் சீனாவின் லியாவ்னிங் மாகாணத்தில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே வருடத்தில், 2019 ஆகஸ்டில், பர்மாவின் ஷான் மாநிலத்தில் சீன எல்லையோரம் இருக்கிற மொங்லா பகுதியில் அது உறுதியானது. அதற்குள் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் மூன்றையும் தொட்டுவிட்டிருந்தது.

பெகு, தட்டோன், மோல்மேன் பக்கம் நெல் விளைகிற ஊர்களில் கொல்லையில் ஒன்றிரண்டு பன்றி வளர்ப்பது புதிதல்ல. நம் தமிழ்க் குடும்பங்களிலும் வளர்க்கிறவர்கள் உண்டு, அக்கம்பக்கத்துக் கரென், மோன், பர்மியக் குடும்பங்களிலும் உண்டு. தவிடு, வாழைத்தண்டு, சமையற்கட்டு மிச்சம் என்று போட்டு வளர்த்து, ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போதோ வீட்டில் நல்லது கெட்டது வரும்போதோ விற்றுக் காசாக்குவார்கள். அந்தப் பன்றி ஒரு வாரத்தில் செத்துவிட்டால் அந்த வீட்டின் சேமிப்பு மொத்தமும் போயிற்று.

அப்படிப் பறிகொடுத்தவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "போன வருஷமே பன்றிக் காய்ச்சல் ஊசி போட்டோமே சார், அப்புறம் ஏன் செத்துச்சு?" நியாயமான கேள்வி. "அது வேற, இது வேற" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் ஏன் வேறு, வேறாக இருந்தால்தான் என்ன, இதற்கும் ஒரு ஊசி கண்டுபிடிக்க ஏன் இத்தனை வருடம் ஆகிறது என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் அடங்காது. இந்த வைரஸின் புரதங்கள் எந்த நேரத்தில் என்ன வேலை செய்கின்றன என்று தெரிந்தால் எல்லாம் தானே விளங்கும். அந்த விவரங்கள் ஆங்கிலத்திலும் பர்மியத்திலும் கிடைக்கின்றன. வீட்டில் தமிழ் பேசுகிறவர்களுக்காக இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றாது. 2009இல் உலகம் முழுக்க மனிதரிடம் பரவிய எச்1என்1 காய்ச்சலையும் நாம் பன்றிக் காய்ச்சல் என்றுதான் சொன்னோம். அது இன்ஃபுளுவென்சா வைரஸ். அதற்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.

பன்றிகளுக்கென்றே பழைய பன்றிக் காய்ச்சல் ஒன்று இருக்கிறது. 'கிளாசிக்கல்' பன்றிக் காய்ச்சல் என்பார்கள். நம் ஊர்களில் ஊசி போடுவது அதற்குத்தான். இரண்டு நோயிலும் காய்ச்சல் அடிக்கும், தோல் சிவக்கும், பன்றி தீனி எடுக்காது. வெளியிலிருந்து பார்த்து எது எது என்று டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது. வைரஸ்களோ முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரு வைரஸின் மரபுக் குறிப்புகள் டி.என்.ஏ, ஆர்.என்.ஏ என்ற இரண்டு பொருள்களில் ஏதாவது ஒன்றில் எழுதப்பட்டிருக்கும். பழைய காய்ச்சலின் வைரஸ் ஆர்.என்.ஏ வகை. சின்னது, பன்னிரண்டு புரதம் அளவில்தான் அதற்கு உண்டு. ஆப்பிரிக்க வைரஸ் டி.என்.ஏ வகை. அதன் மரபணுத் தொகுப்பில் 150க்கும் மேற்பட்ட புரதங்களுக்கான குறிப்புகள் இருக்கின்றன. ஒன்றின் புரதங்களை அடையாளம் காணப் பழகிய உடம்பு மற்றதை அறிந்துகொள்ள வழியே இல்லை. போன வருடம் போட்ட ஊசி உதவாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

புரதம் என்றால் சாப்பாட்டில் இருக்கிற சத்து என்றுதான் முதலில் நினைவுக்கு வரும். உண்மையில் உயிருள்ளவற்றுக்குள் நடக்கிற வேலைகளில் பெரும்பாலானவற்றைப் புரதங்கள்தான் செய்கின்றன. அமினோ அமிலம் என்ற சிறு துண்டுகள் நீளமாகக் கோத்துக்கொண்டு, ஒரு குறிப்பிட்ட விதமாக மடிந்தால் அது ஒரு புரதம். வேலையைத் தீர்மானிப்பது மடிப்பு. மடிப்பு கலைந்தால் வேலை நின்றுவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இந்த வைரஸின் புரதங்களுக்குப் பெயர்கள் பி72, சிடி2வி, ஏ238எல் என்று வாகன எண் போல இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. பி72 என்றால் ஏறத்தாழ 72 கிலோடால்டன் (மூலக்கூறுகளின் எடையைச் சொல்கிற அலகு) எடையுள்ள புரதம். ஏ238எல் என்றால் வைரஸின் டி.என்.ஏவில் 'ஏ' என்று பெயரிட்ட துண்டில் இருக்கிற, 238 அமினோ அமிலம் நீளமுள்ள, இடப்பக்கமாகப் படிக்கப்படுகிற ஒன்று. அவ்வளவுதான்.

உமிக்குள் உமி

வைரஸின் அமைப்பைப் புரிந்துகொள்ள நெல்லை நினைத்தால் போதும். நெல்லுக்கு வெளியே உமி, அதன் உள்ளே தவிட்டுப் படலம், அதற்கும் உள்ளே அரிசி. இந்த வைரஸுக்கும் அடுக்குகள் உண்டு, ஆனால் ஐந்து. வெளியே ஒரு கொழுப்புச் சவ்வு. அதன் கீழ் புரத ஓடு. அதன் கீழ் இன்னொரு கொழுப்புச் சவ்வு. அதன் கீழ் வைரஸின் நடுப்பகுதியை (உட்கரு என்போம்) சுற்றிய இன்னொரு புரத அடுக்கு. எல்லாவற்றுக்கும் நடுவில் டி.என்.ஏ. மொத்த அளவு ஒரு மில்லிமீட்டரில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. வைரஸ்களில் இது பெரிய உருவம்.

புரத ஓட்டின் கட்டுமானத்தை 2019இல் விஞ்ஞானிகள் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அணு அணுவாகப் பார்த்தார்கள். ஓட்டில் மொத்தம் 17,280 புரத மூலக்கூறுகள். அவற்றில் 8,280 ஒரே புரதம்தான், பி72. மூன்று மூன்றாகச் சேர்ந்து ஒரு கட்டி, கட்டிகள் வரிசையாக அடுக்கி இருபது முகங்கள் கொண்ட ஓடு. மூலைகளுக்கு வேறு புரதம், இடுக்குகளுக்கு வேறு புரதம்.

பி72 தானாக மடியாது. பி602எல் என்ற இன்னொரு வைரஸ் புரதம் கூடவே இருந்து அதைச் சரியாக மடித்துவிட வேண்டும். அந்தத் துணைப் புரதம் ஓட்டில் இடம்பெறுவதில்லை, வேலையை முடித்துவிட்டுச் செல்லுக்குள்ளேயே தங்கிவிடும். ஆய்வகத்தில் அதை மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். இருபது முக ஓடு உருவாகவில்லை. நுண்ணோக்கியில் ஜிப் வைத்தது மாதிரி நீள நீளமான, உருப்படாத அமைப்புகள்தான் தெரிந்தன. 150 புரதங்களில் ஒன்று இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான காட்சி இதுதான்.

முழுதாக வளர்ந்த வைரஸ் துகளுக்குள் 68 வைரஸ் புரதங்கள் இருப்பதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். மற்றவை துகளில் இல்லை. பன்றியின் செல்லுக்குள் நுழைந்த பிறகு, அங்கே வைத்துத் தயாரிக்கப்பட்டு, அங்கேயே வேலை செய்பவை. இந்த நோயின் கொடுமைக்குப் பெரும்பாலும் காரணம் அவைதான்.

முதல் சில மணி நேரம்

உடம்புக்குள் கிருமி நுழைந்தால் அதைப் பிடித்து விழுங்கிச் செரித்துவிடுவதற்கென்றே மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்கள் இருக்கின்றன. மண்ணீரல், நிணநீர்க் கட்டிகள், நுரையீரல், ஈரல் என்று எங்கும் இருக்கும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸ் குடியேறுவது இந்தச் செல்லில்தான். பாதுகாக்க வேண்டிய செல்லே வைரஸுக்கு வீடாகிவிடுகிறது.

மேக்ரோஃபேஜ் தன் வழக்கப்படி வைரஸை விழுங்குகிறது. விழுங்கிய பையில் அமிலம் ஊறுகிறது. வேறு கிருமியாக இருந்தால் அங்கேயே முடிந்தது. இந்த வைரஸோ அமிலத்தில்தான் வெளிச் சவ்வையும் புரத ஓட்டையும் உதறுகிறது. வெளிப்பட்ட உள்சவ்வு பையின் சுவரோடு ஒட்டிக் கலக்க, உட்கரு மட்டும் செல்லின் உட்பகுதிக்குள் வந்துவிடுகிறது.

பெரும்பாலான டி.என்.ஏ வைரஸ்கள் அடுத்ததாகச் செல்லின் மரபணுக்கள் இருக்கிற நியூக்ளியசுக்குள் போய் அங்கிருக்கிற நொதிகளை, அதாவது வேதிவினைகளை நடத்துகிற புரதங்களை, கடன் வாங்கும். இது அப்படிக் காத்திருப்பதில்லை. மரபணுவைப் படிக்கத் தேவையான நொதிகளை உட்கருவுக்குள் தன்னோடே கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அதனால் நுழைந்த கையோடு வேலை தொடங்குகிறது. இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் பி30 என்ற புரதம் செல்லில் தென்படும். தொற்று தொடங்கியதற்கு முதல் அடையாளம் அதுதான். இதைப் பரிசோதனை பற்றிச் சொல்லும்போது மறுபடி பார்ப்போம்.

செல்லுக்குள் பொருள்களை இங்கிருந்து அங்கே இழுத்துச் செல்ல மெல்லிய குழல்களும், அவற்றின் மேல் நடந்து சுமை தூக்குகிற டைனீன் என்ற புரதமும் இருக்கின்றன. வைரஸின் பி54 புரதம் டைனீனைப் பற்றிக்கொள்கிறது. அப்படியே நியூக்ளியசுக்குப் பக்கத்தில் ஓர் இடத்துக்குப் போய்ச் சேருகிறது. ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் டி.என்.ஏவைப் பிரதியெடுக்கும் வேலை அங்கே தொடங்கும். வைரஸ் தொழிற்சாலை என்றே இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பிரதியெடுப்பு தொடங்கிய பிறகுதான் பி72 போன்ற கட்டுமானப் புரதங்கள் பெருமளவில் தயாராகும். தேவைப்படுகிற நேரத்துக்கு முன்னால் ஓட்டைச் செய்து வைப்பதில்லை.

பன்றியின் புரதங்களைப் போலவே செய்த புரதங்கள்

இந்த இடைவெளியில் செல் சும்மா இருக்காது. தனக்குள் அந்நியமான ஏதோ நடக்கிறது என்று தெரிந்தால் செல்லுக்கு மூன்று வழி உண்டு. புரதத் தயாரிப்பை மொத்தமாக நிறுத்தலாம். தன்னைத்தானே அழித்துக்கொள்ளலாம். மற்றச் செல்களுக்கு எச்சரிக்கை அனுப்பலாம். மூன்றுக்கும் இந்த வைரஸிடம் ஆள் இருக்கிறது. அவற்றில் பல, பன்றியின் சொந்தப் புரதங்களின் சாயலில் இருக்கின்றன. செல்லால் அவற்றை வேற்றாள் என்று ஒதுக்க முடிவதில்லை.

புரதத் தயாரிப்பை நிறுத்த, அதைத் தொடங்கிவைக்கிற ஒரு முக்கியமான புரதத்தின் மேல் செல் பாஸ்பேட் என்ற சிறு வேதித் துண்டு ஒன்றை ஒட்டிவிடும். ஒட்டினால் தயாரிப்பு நின்றுவிடும். நெருக்கடி தீர்ந்ததும் அந்தப் பாஸ்பேட்டை எடுத்துவிடுவதற்குச் செல்லிடமே ஒரு புரதம் உண்டு. வைரஸின் டிபி71எல் அந்தப் புரதத்தின் சாயல். செல் நிறுத்த நிறுத்த, இது எடுத்துவிட்டுக்கொண்டே இருக்கும். தயாரிப்பு தொடர்கிறது, வைரஸுக்காக.

தற்கொலையைத் தடுப்பது ஏ179எல். செல் எப்போது சாக வேண்டும், எப்போது கூடாது என்று தீர்மானிக்கிற பிசிஎல்-2 என்ற புரதக் குடும்பம் பன்றிக்கும் உண்டு, நமக்கும் உண்டு. ஏ179எல் அதன் வைரஸ் பதிப்பு. தொற்றிய மேக்ரோஃபேஜ் செத்துத் தொலைந்தால் வைரஸும் அதோடு போகும் என்பதால், புதிய துகள்கள் தயாராகும் வரை அதை உயிரோடு வைத்திருக்கிறது.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது ஏ238எல். ஆபத்து வந்ததும் செல்லின் எச்சரிக்கை மரபணுக்களைத் திறந்துவிடுகிற ஒரு புரதம் இருக்கிறது, என்.எஃப்-கப்பா-பி என்று பெயர். அமைதியான நேரத்தில் அதை ஒரு தடுப்புப் புரதம் பிடித்து வைத்திருக்கும். ஆபத்தென்றால் அந்தத் தடுப்புப் புரதம் சிதைக்கப்பட்டு எச்சரிக்கை கிளம்பும். ஏ238எல் அந்தத் தடுப்புப் புரதத்தைப் போலவே இருக்கிறது, ஆனால் சிதைப்பதற்கான அடையாளம் அதில் இல்லை. எனவே அசையாமல் உட்கார்ந்துகொள்ளும். அது மட்டுமில்லை. கால்சிநியூரின் என்ற நொதியையும் இதே புரதம் அடக்குகிறது. சிறுநீரக மாற்று அறுவை செய்தவர்களுக்கு, புதிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கச் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து கொடுப்பார்கள். அந்த மருந்து அடக்குவதும் கால்சிநியூரினைத்தான். மனிதர் மருந்தாகக் கண்டுபிடித்த வழி இந்த வைரஸின் 238 அமினோ அமிலங்களுக்குள் ஏற்கெனவே இருந்திருக்கிறது.

இவை போதாதென்று, எம்.ஜி.எஃப் என்று சொல்லப்படுகிற புரதக் கூட்டங்கள் இன்டர்ஃபெரானை அடக்குகின்றன. இன்டர்ஃபெரான் என்பது பக்கத்துச் செல்களுக்கு "வைரஸ் வந்துவிட்டது" என்று தெரிவிக்கிற செய்தி. செய்தி போகாவிட்டால் பக்கத்துச் செல் தயாராக இராது.

இறுதிக் கட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உட்கருவைச் சுற்றிய அடுக்கின் புரதங்கள் முதலில் தனித்தனியாக உருவாவதில்லை. நீளமான இரண்டு சங்கிலிகளாக வந்து, பின்னர் ஒரு வைரஸ் நொதியால் குறிப்பிட்ட இடங்களில் வெட்டப்படுகின்றன. வெட்டு சரியாக விழாத துகளால் தொற்ற முடியாது. சரியாக அமைந்த துகள்கள் ஒரு நாளைக்குள் செல்லின் மேற்பரப்புக்கு வந்து, போகும்போது வெளிச் சவ்வை அங்கிருந்தே போர்த்துக்கொண்டு வெளியேறுகின்றன.

பன்றிக்கு என்ன ஆகிறது

வைரஸ் நுழைந்து நாலைந்து நாளில், சில சமயம் இரண்டு வாரம் கழித்தும்கூட, காய்ச்சல் ஏறும். 41, 42 டிகிரி வரை போகும். பன்றி தொட்டிக்கு வராது, மூலையில் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடக்கும். காது, வயிறு, கால் தோல் சிவந்து பிறகு நீலம் பாயும். சினைப்பன்றிக்குக் கரு கலைந்துவிடும். வீரியமான வகையாக இருந்தால் ஏறக்குறைய எல்லாமே சாகும், அதுவும் ஒரு வாரம் பத்து நாளில்.

அறுத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது மண்ணீரல். இயல்பான மண்ணீரல் நாக்கு மாதிரி ஒடுங்கி, சிவப்பாக, விரலில் உறுதியாகத் தட்டுப்படும். இந்த நோயில் அது பல மடங்கு வீங்கி, கன்றிக் கறுத்து, எடுக்கும்போதே விரலுக்கடியில் பிய்ந்து உதிரும். நிணநீர்க் கட்டிகள் இரத்தக்கட்டிகள் போலவே தெரியும். சிறுநீரகத்தில் புள்ளி புள்ளியாக இரத்தம் கசிந்திருக்கும். (காய்ச்சலில் கிடந்த பன்றியை வீட்டில் வைத்து அறுத்துப் பார்க்காதீர்கள். காரணத்தை அடுத்துச் சொல்கிறேன்.)

இரத்தக்குழாய்களை வைரஸ் நேராகத் தாக்குவதால்தான் இந்தக் கசிவு என்று நினைக்கத் தோன்றும். முக்கிய காரணம் அது இல்லை. தொற்றிய மேக்ரோஃபேஜ்கள் சாகும் தறுவாயில் அழற்சிப் பொருள்களை அளவுக்கு மீறிக் கொட்டுகின்றன. குழாய்ச் சுவர்கள் தளர்கின்றன, இரத்தம் உறைகிற முறையே குழம்பிப்போகிறது. அதே பொருள்களால், வைரஸ் தொடவே தொடாத லிம்போசைட் செல்கள் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன. கிருமியைப் பிடிக்கிற எதிர்ப்பொருள் என்ற புரதத்தைத் தயாரிக்க வேண்டியவையும் தொற்றிய செல்லைக் கொல்ல வேண்டியவையும் அவைதான். தான் குடியிருக்கிற செல்லைச் சாகவிடாமல் பிடித்து வைத்திருக்கிற வைரஸ், சுற்றியிருக்கிற எதிர்ப்புச் செல்களைச் சாகவிடுகிறது. முதல் சில மணி நேரத்தில் எச்சரிக்கையை அடக்கியது அது. பல நாள் கழித்து, எச்சரிக்கை எல்லை மீறிப் போகும்போது கேட்பாரில்லை.

இரத்தத்துக்கு வருவோம். சிடி2வி என்ற புரதம் வைரஸின் வெளிச் சவ்வில் இருக்கிறது, தொற்றிய செல்லின் மேற்பரப்பிலும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பன்றியின் லிம்போசைட்டுகளில் இருக்கிற சிடி2 என்ற புரதத்தின் சாயல் இது. சிவப்பணுக்கள் இதில் ஒட்டிக்கொள்ளும். 1960இல் மால்ம்குவிஸ்ட், ஹே என்ற இருவர் இதைப் பரிசோதனையாகவே மாற்றினார்கள். பன்றியின் வெள்ளணுக்களைக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்து, சந்தேகத்துக்குரிய மாதிரியைச் சேர்த்து, சிவப்பணுக்களோடு விட்டுவிட வேண்டும். வைரஸ் இருந்தால், நடுவில் ஒரு வெள்ளணு, அதைச் சுற்றி இடைவெளியில்லாமல் சிவப்பணுக்கள் நெருக்கியடித்து ஒட்டியிருப்பது நுண்ணோக்கியில் தெரியும். பழைய பன்றிக் காய்ச்சல் வைரஸ் இப்படிச் செய்யாது. ஒரே ஒரு புரதத்தின் நடத்தை இரண்டு நோய்களையும் பிரித்துக் காட்டிவிட்டது.

பன்றியின் உடம்பிலும் இதேதான் நடக்கிறது. இரத்தத்தில் இருக்கிற வைரஸில் பெரும்பகுதி சிவப்பணுக்களில் ஒட்டிக்கொண்டே சுற்றுகிறது. நோய் முற்றிய பன்றியின் ஒரு மில்லி இரத்தத்தில் தொற்றும் திறனுள்ள துகள்கள் கோடிக்கணக்கில் இருக்கும். ஆகவேதான் வீட்டில் அறுக்க வேண்டாம் என்றேன். அறுத்த இடத்தில் சிந்தியது, கத்தியில் காய்ந்தது, கறி வாங்க வந்தவரின் செருப்பில் ஒட்டியது எல்லாமே அடுத்த ஊருக்குப் போகும். ஆப்பிரிக்காவில் காட்டுப் பன்றியினங்களுக்கும் ஒரு வகை உண்ணிக்கும் இடையில் இந்த வைரஸ் சுற்றிவரும். அங்கே வார்த்தாக் பன்றிகள் நோயில்லாமலே அதைச் சுமக்கின்றன. நம் பக்கத்தில் பரப்புவது பெரும்பாலும் பன்றி, பன்றி இறைச்சி, வண்டி, மனிதர் கைகால்.

ஆய்வகத்தில் எதைத் தேடுகிறார்கள்

அனுப்பிய இரத்தத்தில் முதலில் பார்ப்பது பி.சி.ஆர், அதாவது வைரஸின் மரபணுவைப் பல மடங்கு பெருக்கித் தேடுகிற பரிசோதனை. அதில் பெரும்பாலும் தேடப்படுவது பி72 புரதத்துக்கான மரபணுவை. வைரஸ்களுக்கிடையில் அதிகம் மாறாத பகுதி அதில் இருப்பதால் நம்பிக்கையாகத் தேடலாம். சற்றே மாறுகிற வால் பகுதியை வைத்து வைரஸ்களை 24 வகைகளாகப் பிரித்தார்கள். ஆசியாவுக்கு 2018இல் வந்தது இரண்டாம் வகை. 2007இல் ஜார்ஜியாவுக்குள் நுழைந்து ரஷ்யா, ஐரோப்பா என்று பரவியதும் அதே வகைதான்.

எலைசா என்ற பரிசோதனை எதிர்ப்பொருளைத் தேடும். தொற்றிய முதல் மணி நேரங்களிலேயே பெருமளவில் வருகிற பி30க்கு எதிராகத்தான் பன்றியின் உடம்பு சீக்கிரமாகவும் பலமாகவும் எதிர்ப்பொருள் செய்கிறது. ஆனாலும் ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். அதற்குள் பன்றி செத்திருக்கும். செத்த பன்றியில் எதிர்ப்பொருள் இல்லை என்று வந்தால் நோய் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. எதிர்ப்பொருள் இருந்தால், வைரஸ் உள்ளே போன பிறகு அந்தப் பன்றி எதிர்ப்பொருள் செய்கிற அளவுக்கு உயிரோடு இருந்தது என்று பொருள்.

ஏன் எளிதில் ஊசி கிடைக்கவில்லை

எதிர்ப்பொருள் உண்டாகிறது என்றால், வைரஸைக் கொன்று ஊசியாகப் போட வேண்டியதுதானே? பலமுறை முயன்றார்கள், பன்றி பிழைக்கவில்லை. பி30, பி54, பி72 ஆகியவற்றைத் தனியாகச் செய்து போட்டும் நம்பகமான பாதுகாப்பு கிடைக்கவில்லை. எதிர்ப்பொருள் பிடிப்பது அடுக்குகளில் ஏதோ ஒன்றை. வெளிச் சவ்வோடும் தொற்றுகிறது, அது இல்லாமலும் தொற்றுகிறது என்கிறபோது ஓர் அடுக்கைப் பிடித்துப் பயனில்லை. பிழைக்க வேண்டுமானால் தொற்றிய செல்லைத் தேடிக் கொல்கிற டி செல்கள் தயாராக வேண்டும். கொல்லப்பட்ட வைரஸ் அவற்றைப் போதிய அளவு தயார்செய்வதில்லை.

எனவே உயிருள்ள, ஆனால் வலுக்குறைந்த வைரஸ் வேண்டும். 1960களில் போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் அப்படி ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். ஊசி போட்ட பன்றிகளில் ஏராளமானவற்றுக்கு நாள்பட்ட நோய் வந்தது, வைரஸும் பரவியது. அந்தப் பயம் பல பத்தாண்டுகள் நீடித்தது.

இப்போது செய்வது வேறு. எந்தப் புரதம் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு, குறிப்பிட்ட மரபணுவை மட்டும் வெட்டி எடுக்கிறார்கள். ஐ177எல் என்ற ஒரே மரபணுவை எடுத்துவிட்டால் பன்றியைக் கொல்கிற வைரஸ் கொல்லாததாகிவிடுகிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கிய அந்த வைரஸை வைத்துத் தயாரித்த ஊசிக்கு வியட்நாம் 2022இல் அனுமதி கொடுத்தது. எம்.ஜி.எஃப் மரபணுக்கள் சிலவற்றை நீக்கிய இன்னொரு ஊசியும் வந்தது. 2023இல் இரண்டும் அங்கே பரவலான பயன்பாட்டுக்கு வந்தன. நல்ல செய்தி. ஆனால் உயிருள்ள வைரஸ் என்பதால், எந்த வயதுப் பன்றிக்கு, எந்த நிலையில் போட வேண்டும் என்ற விதி கண்டிப்பானது. விதியை மீறிப் போட்ட இடங்களில் பன்றிகள் இறந்தன. எல்லை தாண்டிக் கைமாறி, ஐஸ் இல்லாமல், யார் தயாரித்தது என்று தெரியாமல் வருகிற ஊசியைப் பன்றிக்குப் போட வேண்டாம் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இன்னொரு கவலையும் உண்டு. 2020இல் சீனப் பண்ணைகளில் எடுத்த மாதிரிகளில், சிடி2வி மரபணு கெட்டுப்போன வைரஸ்கள் கிடைத்தன. சிவப்பணு ஒட்டாத வகை. இவற்றில் வீரியம் குறைவு. பன்றி லேசாகக் காய்ச்சல் அடித்து, கொஞ்சம் இளைத்து, மூட்டு வீங்கி, உயிரோடு நடமாடும், வைரஸையும் வெளியேற்றிக்கொண்டிருக்கும். வளர்ப்பவருக்கு இது ஆறுதல் மாதிரி தெரியலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. எல்லாப் பன்றியும் ஒரே வாரத்தில் செத்தால் ஊரே உஷாராகும். இளைத்த பன்றி ஒன்று சந்தைக்குப் போனால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

சரி, கையில் இருப்பது என்ன? புரதத்தின் மடிப்பைக் கலைப்பது. 60 டிகிரி வெப்பத்தில் 20 நிமிடம் இருந்தாலே வைரஸ் செயலிழக்கும். குளிரில்தான் அது நிலைக்கிறது. உறைந்த இறைச்சியில் வருடக்கணக்கில், உப்புக்கண்டம் போட்ட இறைச்சியில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். சோப்பு அதன் கொழுப்புச் சவ்வுகளைக் கரைக்கும், குளோரின் அதன் புரதங்களைக் கெடுக்கும், ஆனால் சாணமும் இரத்தமும் மேலே படிந்திருந்தால் மருந்து உள்ளே போகாது. முதலில் தேய்த்துக் கழுவிவிட்டு அப்புறம்தான் மருந்து தெளிக்க வேண்டும்.

சமையற்கட்டு மிச்சம் போடுகிறவர்களுக்கு: இறைச்சி கலந்த எச்சிலைப் போடாமலிருப்பது உத்தமம். போட்டே ஆக வேண்டுமானால், உலகக் கால்நடை நல அமைப்பு சொல்கிற அளவு 90 டிகிரியில் 60 நிமிடம், கிளறிக்கொண்டே. கிளறச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அண்டாவின் மேலே தண்ணீர் கொதிக்கும்போதும் அடியில் கிடக்கிற எலும்பு ஒட்டிய கறித்துண்டின் நடுப்பகுதி அந்தச் சூட்டை எட்டியிருக்காது. பெரிய துண்டுகளை நறுக்கிப் போடுங்கள். வெந்ததை ஆற வைக்கும்போது பச்சை எச்சில் வைத்திருந்த வாளியிலேயே திருப்பி ஊற்றாதீர்கள், அதற்கென்று தனி வாளி வைத்துக்கொள்ளுங்கள்.